தொழிற்சாலைச் சாம்பலில் இருந்து நச்சு உலோகங்களை அகற்றுவது: கொழும்பில் புதிதாக இத்துறைக்கு வருவோருக்கு

பொய்லர் சாம்பலோ, குப்பை எரித்த சாம்பலோ, நிலக்கரிச் சாம்பலோ, அதைப் பாதுகாப்பாக மறுபடி பயன்படுத்த முடியுமா என்று பார்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த சுற்றாடல் அலுவலராக இருக்கலாம். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு எடுத்த மாணவியாக இருக்கலாம். சிமெந்து விலை தாங்காமல் சாம்பல் கலந்து புளொக் கல் செய்யப் பார்க்கும் சிறு முதலாளியாகவும் இருக்கலாம். எங்கே தொடங்குவது, எதைத் தொடக் கூடாது என்பதை வேலை நடக்கும் ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். ஈயமும் கட்மியமும் எரிந்து இல்லாமல் போவதில்லை. சாம்பலைக் கழுவினால் அவை தண்ணீருக்குப் போகும். தண்ணீரில் இருந்து இறக்கினால் சேற்றுக்குப் போகும். ஒவ்வொரு படியிலும் "இப்போது ஈயம் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிகிராம்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத படியில் உலோகம் வடிகாலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பலின் ஊரைக் கேளுங்கள்

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. நெல் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நச்சு உலோகம் பொதுவாகக் குறைவு. சுத்தமான விறகுச் சாம்பலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் விறகோடு பழைய கதவு, யன்னல் சட்டங்களைப் போட்டு எரித்திருந்தால் பழைய வர்ணப்பூச்சில் இருந்த ஈயம் அப்படியே சாம்பலில் இருக்கும். கறையான் பிடிக்காமல் இருக்கச் செப்பு, குரோமியம், ஆசனிக் மருந்து ஏற்றிய மரத்தை எரித்திருந்தால் அந்த மூன்றும் இருக்கும். எனவே ஆய்வுகூடத்துக்கு ஓடும் முன் பொய்லருக்குப் பொறுப்பான ஆளிடம் போய், சென்ற மாதங்களில் உள்ளே என்னென்ன போட்டார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். இந்த அரை மணித்தியாலப் பேச்சு பல பரிசோதனைச் செலவை மிச்சப்படுத்தும்.

நிலக்கரிச் சாம்பல் என்றால் நம் நாட்டில் நுரைச்சோலை. அங்குள்ள 900 மெகாவாற்று நிலையத்தின் பறக்கும் சாம்பலை, அதாவது புகையோடு மேலே போகும் நுண்ணிய சாம்பலை, சிமெந்து உற்பத்தியாளர்கள் ஏற்கனவே பயன்படுத்துகிறார்கள். அதில் கவனிக்க வேண்டியவை ஆசனிக், செலீனியம், குரோமியம்.

நகரக் குப்பைச் சாம்பல் வேறு கதை. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்த பின்னர், கொழும்புக் குப்பையை என்ன செய்வது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் போனது. 2021 இல் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து 10 மெகாவாற்று மின்சாரம் எடுக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. எரித்தால் குப்பை காணாமல் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உலகெங்கும் இத்தகைய உலைகளில் எரிக்கும் குப்பையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை உலையின் அடியில் அடிச்சாம்பலாக மிஞ்சும். புகையைச் சுத்திகரிக்கும் இடத்தில் பிடிபடும் பறக்கும் சாம்பல் இன்னும் சில சதவீதம்.

இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். காரணம் வெப்பத்தில் இருக்கிறது. இரசம் (பாதரசம்) 357 பாகை செல்சியசிலும், கட்மியம் 767 பாகையிலும், நாகம் (துத்தநாகம்) 907 பாகையிலும் கொதிக்கும். ஈயம் தனியே கொதிக்க 1,700 பாகைக்கு மேல் வேண்டும். ஆனால் குப்பையில் உள்ள பிவிசி பிளாஸ்ரிக்கும் சமையலறை உப்பும் குளோரீனைக் கொடுத்துவிடுவதால், ஈயம் குளோரைட்டாக மாறி 950 பாகை அளவிலேயே ஆவியாகிறது. ஆவியானது புகையோடு மேலே போய், குளிரும்போது நுண்ணிய துகள்களின் மேல் படிகிறது. ஆகவே ஆபத்தான உலோகமெல்லாம் பறக்கும் சாம்பலில் திரள்கிறது. அதில் டையொக்சின் என்ற நச்சுச் சேர்மமும் உண்டு. அதைத் தண்ணீரோ அமிலமோ கழுவி எடுக்காது. அடிச்சாம்பலில் இருப்பது பெரும்பாலும் இரும்பு, செப்பு, அலுமினியத் துண்டுகளும் கண்ணாடியும் கல்லும்தான். இரண்டையும் ஒரே குவியலில் கொட்டினால், சுலபமாகப் பயன்படுத்தக்கூடிய பத்துத் தொன்னை ஒரு தொன் கெடுத்துவிடும். உலோகத்தை அகற்றும் வேலையில் மிக மலிவான படி, கலக்காமல் வைத்திருப்பதுதான்.

மாதிரி எடுப்பது

குவியலின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போவது மாதிரி ஆகாது. மழை பட்ட மேற்பரப்பில் உப்பும் கரையக்கூடிய உலோகமும் ஏற்கனவே கீழே இறங்கியிருக்கும். குவியலின் பல இடங்களில், பல ஆழங்களில் இருந்து சிறிது சிறிதாக எடுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் விரிப்பில் கொட்டிக் கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒதுக்குங்கள். ஒன்று, இரண்டு கிலோ வரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.

உலையில் இருந்து நேராக எடுப்பதானால் ஒரு நாள் சாம்பல் போதாது. வெவ்வேறு நாள்களில் எடுங்கள். இரசம் பார்க்க வேண்டிய மாதிரியை 105 பாகையில் உலர்த்தாதீர்கள், இரசம் பறந்துவிடும். அதற்கென ஒரு பகுதியைத் தனியாக, இறுக மூடி வையுங்கள். இந்த வேலை முழுவதிலும் தூசு வடிக்கும் நல்ல முகக்கவசம், கண்ணாடி, கையுறை அவசியம். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு சாம்பல் அள்ளும் தொழிலாளர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. நுரையீரலுக்குப் போகும் அளவுக்கு நுண்ணிய துகளில்தான் கட்மியம் அதிகம்.

இரண்டு பரிசோதனை, இரண்டு கேள்வி

கொழும்பில் உலோகப் பரிசோதனைக்கு கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் சுற்றாடல் ஆய்வுகூடம் உண்டு. மாதிரியைக் கொண்டுபோகும் முன் தொலைபேசியில் பேசுங்கள். எந்த உலோகங்கள், எந்த முறை, எவ்வளவு குறைந்த அளவு வரை அவர்களின் கருவி காட்டும், எவ்வளவு மாதிரி வேண்டும் என்று கேளுங்கள். "கனரக உலோகம் பார்த்துத் தாருங்கள்" என்று மட்டும் சொன்னால் உங்களுக்குத் தேவையில்லாத பட்டியல் ஒன்று கையில் கிடைக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது மொத்த அளவு: ஒரு கிலோ சாம்பலில் எத்தனை மில்லிகிராம் ஈயம், கட்மியம், குரோமியம், ஆசனிக். இரண்டாவது கசிவு அளவு: தண்ணீர் பட்டால் அதில் எவ்வளவு வெளியே வரும். சுற்றாடலுக்குப் போவது இரண்டாவதுதான்.

கசிவுக்கு உலகில் அதிகம் பயன்படுவது அமெரிக்காவின் டிசிஎல்பி முறை. சாம்பலைப் போல் இருபது மடங்கு எடையுள்ள மென்மையான அசற்றிக் அமிலக் கரைசலில் 18 மணித்தியாலம் சுழற்றி, வடித்து, அந்த நீரில் உலோகத்தை அளப்பார்கள். அங்குள்ள எல்லைகள் ஈயத்துக்கு லீற்றருக்கு 5 மில்லிகிராம், குரோமியத்துக்கு 5, ஆசனிக்குக்கு 5, கட்மியத்துக்கு 1, இரசத்துக்கு 0.2. இதைத் தாண்டினால் அது அபாயக் கழிவு. உள்ளே நின்றால் "பாதுகாப்பானது" என்று பொருள் கொள்ளாதீர்கள். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். இரண்டுக்கும் இடையில் ஐந்நூறு மடங்கு. ஒன்று குப்பை மேட்டுக்கான எல்லை, மற்றது வாய்க்குள் போவதற்கானது.

செலவைக் குறைக்க ஒரு சிறு கணக்கு உண்டு. சாம்பலில் உள்ள அத்தனை ஈயமும் கரைந்தாலும் அது இருபது மடங்கு நீரில்தான் பரவும். ஆகவே மொத்த அளவை 20 ஆல் வகுங்கள். கிலோவுக்கு 60 மில்லிகிராம் ஈயம் என்றால் அதிகபட்சம் 3 வரும், 5 ஐத் தாண்ட வழியே இல்லை. அந்த உலோகத்துக்கு டிசிஎல்பி செய்யத் தேவையில்லை.

இன்னொன்று, நம் ஊருக்கு முக்கியமானது. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. ஒரு சதுர மீற்றர் சாம்பல் குவியல் மேல் ஆண்டுக்கு 2,400 லீற்றர் தண்ணீர் விழுகிறது. அது அசற்றிக் அமிலம் அல்ல, வெறும் மழைநீர். எனவே சாம்பலைப் போல் பத்து மடங்கு நீரில் 24 மணித்தியாலம் குலுக்கும் ஐரோப்பிய முறையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். சுண்ணாம்பு மிகுந்த சாம்பல் தண்ணீரின் பிஎச்சை (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 12 வரை ஏற்றும். அந்தக் காரத்தில் ஈயம் மறுபடி கரையத் தொடங்கும். ஆறு வலுவளவுள்ள குரோமியமும் காரத்தில் தாராளமாக ஓடும். அமிலத்தில்தான் உலோகம் கரையும் என்று பாடசாலையில் படித்ததை வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் இங்கே தவறிவிடும்.

கழுவும் முன் உலர் வேலை

அடிச்சாம்பல் என்றால் முதலில் சல்லடை, காந்தம். இரும்பு வெளியே வரும். செப்பு, அலுமினியத்தைச் சுழல் மின்னோட்டப் பிரிப்பி எடுக்கும். சிறு இடத்தில் கையால் பொறுக்கினாலும் பரவாயில்லை, கையுறையோடு. பிறகு இரண்டு, மூன்று மாதம் கூரையின் கீழ், சிமெந்துத் தரையில், ஈரம் காயாமல் கிடக்க விடுங்கள். காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து பிஎச் 12 இல் இருந்து 9 பக்கம் இறங்கும். அந்த நிலையில் ஈயமும் நாகமும் செப்பும் மிகக் குறைவாகவே கரையும். எந்த இரசாயனமும் வாங்காமல் கிடைக்கும் பலன் இது. பல அடிச்சாம்பலுக்கு இதற்கு மேல் கழுவல் தேவைப்படாது. வடியும் நீரைப் பிடிக்கக் கான் இருக்க வேண்டும். கூரை இல்லாமல் தறப்பாள் மட்டும் போட்டு மழைக்காலத்தைக் கடத்தலாம் என்று திட்டமிடாதீர்கள்.

தண்ணீர்க் கழுவல்

குப்பை உலையின் பறக்கும் சாம்பலில் கால் பங்கு வரை கரையும் உப்பாகவே இருக்கலாம். சிமெந்துக்குப் போக வேண்டுமென்றால் குளோரைட்டு போயாக வேண்டும், இல்லாவிட்டால் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

முதலில் வாளியளவில் செய்து பாருங்கள். ஒரு கிலோ சாம்பலுக்கு 5 லீற்றர் தண்ணீர், அரை மணித்தியாலம் கலக்கல், வடிப்பு. அப்புறம் புதிய 5 லீற்றர், மறுபடி அதே. அரிசியை ஒரே தடவை நிறைய நீரில் களைவதைவிட இரண்டு தடவை களைவது நல்லது என்பது போல, பத்து லீற்றரை ஒரே முறையில் ஊற்றுவதைவிட இது அதிகம் எடுக்கும்.

மூடிய பரலில் இதைச் செய்யவே கூடாது. சாம்பலில் உள்ள அலுமினியம் காரத் தண்ணீரோடு சேர்ந்தால் ஐதரசன் வாயு வரும். மூடிய இடத்தில் சேர்ந்து ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். திறந்த பாத்திரம், காற்றோட்டம், பக்கத்தில் வெல்டிங் வேலை இல்லாத இடம். இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்.

இனிக் கணக்கு. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் ஈயம் உள்ள ஒரு கிலோ சாம்பலைப் பத்து லீற்றரில் கழுவினீர்கள். கழுவிய நீரில் லீற்றருக்கு 30 மில்லிகிராம் ஈயம். அப்படியானால் 300 மில்லிகிராம் வெளியே வந்துவிட்டது, 1,700 மிச்சம். உப்பெல்லாம் போனதால் காய்ந்த சாம்பல் இப்போது 750 கிராம்தான். ஆய்வுகூடம் அதை அளந்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 2,270 மில்லிகிராம் என்று வரும். கழுவிய பிறகு ஈயம் கூடிவிட்டதே என்று பதறுவார்கள், அல்லது ஆய்வுகூடம் பிழை என்பார்கள். இரண்டும் இல்லை. எடை குறைந்ததால் செறிவு ஏறியது. இதனால்தான் கிலோவுக்கு எவ்வளவு என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. உள்ளே போன மில்லிகிராம், தண்ணீரில் வந்த மில்லிகிராம், மிஞ்சிய மில்லிகிராம் மூன்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் ஓரளவுக்குக்கூட ஒத்துவரவில்லை என்றால் மாதிரியிலோ அளவிலோ கோளாறு, மேலே போக வேண்டாம்.

அமிலக் கழுவல்: எப்போது, எதனால்

தண்ணீரில் போகாத ஈயம், கட்மியம், நாகத்தை எடுக்க அமிலம் வேண்டும். சுவிற்சர்லாந்தில் குப்பை உலைகளின் புகையைக் கழுவும்போது கிடைக்கும் அமிலத் தண்ணீரையே எடுத்துப் பறக்கும் சாம்பலைக் கழுவுகிறார்கள். ஒரு கழிவு இன்னொரு கழிவைச் சுத்தம் செய்கிறது. அங்கே ஒரு நிலையத்தில் கழுவிய நீரில் இருந்து தூய நாக உலோகத்தையே மீட்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, ஏனென்றால் அங்கே உலோகத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது.

நமக்கு அது வாளியளவுப் பரிசோதனையாகவே தொடங்கும். முதலில் பத்துக் கிராம் சாம்பலை நூறு மில்லிலீற்றர் நீரில் கலக்கி, அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, பிஎச் 3 க்கு வர எவ்வளவு தேவை என்று அளந்து பாருங்கள். சாம்பலில் உள்ள சுண்ணாம்புதான் முதலில் அமிலத்தை விழுங்கும். இந்த ஒரு அளவே பணம் கட்டுபடியாகுமா என்பதைச் சொல்லிவிடும்.

எந்த அமிலம்? பஞ்சிகாவத்தையில் பற்றரி அமிலம் சுலபமாகக் கிடைக்கிறது என்று சல்பூரிக் அமிலத்தை எடுக்காதீர்கள். ஈயம் அதில் ஈயச் சல்பேற்றாகிச் சாம்பலிலேயே தங்கிவிடும். கல்சியம் ஜிப்சமாகி வடிதுணியை அடைக்கும். ஐதரோகுளோரிக் அமிலம் நன்றாக எடுக்கும், ஆனால் நீங்கள் கழுவி வெளியேற்றிய குளோரைட்டைத் திரும்பக் கொண்டுவரும், எனவே பிறகு நன்கு அலச வேண்டும். சித்திரிக் அமிலம் மெதுவானது, விலை கூடியது, கையாளப் பாதுகாப்பானது. பழகுவதற்கு அதில் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. ஈடிடிஏ என்ற இரசாயனம் உலோகத்தைப் பிடித்து இழுப்பதில் கெட்டிக்காரன்தான், ஆனால் சுலபத்தில் மக்காது. கழிவுநீரில் இருந்து உலோகத்தை இறக்கவும் விடாது.

பிஎச் 3 அளவில் நிறுத்துங்கள். இன்னும் கீழே இறக்கினால் சிலிக்கா கரைந்து பிறகு கூழாகி, வடிப்பே நின்றுவிடும். அமிலத்தை மெதுவாக விடுங்கள், நுரை பொங்கும், சூடேறும். ஐதாக்கும்போது தண்ணீருக்குள்தான் அமிலம், அமிலத்துக்குள் தண்ணீர் அல்ல. ஆசனிக் உள்ள சாம்பலில் அலுமினியம், நாகத் துண்டுகளும் இருந்தால் அமிலம் பட்டதும் ஆசின் என்ற கொடிய வாயு வரலாம். அதனால் ஆசனிக் முடிவு கையில் வராமல் அமிலப் போத்தலைத் திறக்காதீர்கள், திறந்தாலும் புகை உறிஞ்சும் அறைப் பெட்டிக்குள் மட்டும்.

பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்கிய இடத்துச் சாம்பல் யாராவது கொண்டுவந்து தந்தால் கழுவ முயலவே வேண்டாம். மூடி, பெயர் எழுதி, அனுமதி உள்ளவரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கு அருகில் அது ஒரு இரவுகூட இருக்கக் கூடாது.

கழுவிய தண்ணீர்தான் இப்போது உங்கள் கழிவு

சுண்ணாம்புப் பால் விட்டு பிஎச் 9 முதல் 9.5 வரை ஏற்றினால் ஈயமும் நாகமும் செப்பும் பெரும்பாலும் வீழ்படிவாக இறங்கும். கட்மியத்துக்கு இன்னும் ஏற்ற வேண்டும், ஏற்றினால் ஈயமும் நாகமும் திரும்பக் கரையும். எனவே ஒரே தொட்டியில் எல்லாம் முடியாது. இரண்டு கட்டமாகச் செய்யுங்கள், அல்லது காரநிலையிலேயே சிறிதளவு சோடியம் சல்பைட்டு விடுங்கள். சல்பைட்டு உள்ள தொட்டிக்குள் அமிலம் போகவே கூடாது, ஐதரசன் சல்பைட்டு வாயு ஆளைக் கொல்லும். குரோமியம் இருந்தால் முதலில் அமில நிலையில் இரும்புச் சல்பேற்று விட்டு அதன் ஆறு வலுவளவை மூன்றாக இறக்கிய பிறகே சுண்ணாம்பு.

இறங்கிய சேற்றை வடித்து உலர்த்தி, மூடிய பரலில், சுட்டுத்துண்டு ஒட்டி வையுங்கள். அதுதான் இப்போது ஈயத்தின் இருப்பிடம். மேலே தெளிந்த நீரில் உலோகம் குறைந்திருக்கும், உப்பு குறையாது. அதைக் கானுக்குள் விட்டால் களனி கங்கைக்கும் அதன் ஈரநிலங்களுக்கும் போகும். கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை அந்த ஆற்றில்தான் இருக்கிறது. முடிந்தவரை இரண்டாம் கழுவலின் நீரை அடுத்த தொகுதியின் முதற் கழுவலுக்குப் பயன்படுத்துங்கள், வெளியேறும் அளவு பாதியாகும். மிஞ்சியதை வெளியேற்றும் முன் நீர்த் தர எல்லைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கே போடலாம், எங்கே கூடாது

கழுவிய சாம்பலை மறுபடி மொத்த அளவுக்கும் கசிவுக்கும் அனுப்புங்கள். கசிவை ஒரே பிஎச்சில் பார்க்காமல் 4, 7, 9, 12 என நான்கிலும் பார்த்தால் அது கல்லுக்குள் இருக்கும்போதும், மழையில் ஊறும்போதும் என்ன செய்யும் என்பது தெரியும். புளொக் கல்லில் சேர்ப்பதானால் செய்த கல்லையே உடைத்துத் தூளாக்கிச் சோதியுங்கள். ஒரு நாள் அந்த வீடும் இடிபடும்.

சிமெந்தோடு பிணைத்த பயன்பாடுகளும், தாரின் கீழான வீதி அடித்தளமும் ஏற்கத்தக்கவை. கழுவிய குப்பைச் சாம்பலைத் தாழ்நிலம் நிரப்பவும், தோட்டத்துக்கும், கங்குனும் வல்லாரையும் விளையும் சதுப்புப் பாத்திகளுக்கு அருகிலும் கொடுக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன், பரிசோதனை முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும். கீரை வேர் தனக்கு வேண்டிய உலோகத்தை எடுக்கும்போது கட்மியத்தையும் சேர்த்தே எடுக்கும். நல்ல மண்ணோடு கலந்து அளவைக் குறைத்துக் காட்டுவதும் அகற்றல் ஆகாது. மில்லிகிராம் கணக்கில் ஒன்றும் குறைந்திருக்காது.

காகித வேலையைக் கடைசிக்கு விடாதீர்கள். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தொழிற்சாலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அபாயக் கழிவை உண்டாக்க, சேமிக்க, கொண்டுசெல்ல அச்சட்டத்தின் ஒழுங்குவிதிகளின்படி தனி அனுமதி வேண்டும். இரண்டைப் பற்றியும் பத்தரமுல்லயில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேளுங்கள். வாளியளவுச் சோதனை முடிந்து பெரிய தொட்டி வாங்க விலை கேட்கும் முன், உங்கள் மில்லிகிராம் கணக்கையும் சேற்றுப் பரல் யாரிடம் போகும் என்ற கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே ஒரு தடவை பேசுங்கள். சேற்றை ஏற்க யாரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத வரை தொட்டியை வாங்காதீர்கள்.